பந்து யாருது

கோத்தகிரியில் எங்கள் மைதானத்தின் கீழ்ப்பக்கச் சுவர்
இடுப்பளவுதான்.
தாண்டிய பந்து தேயிலைக்குள் உருண்டுவிடும்.
யார் கை கடைசியாகப் பட்டதோ
அவள் இறங்கி எடுத்துவர வேண்டும்.
எங்கள் சட்டம் இது, எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

அன்று கடைசியாகப் பட்டவை நான்கு கைகள்.
இரண்டு என்னுடையவை,
இரண்டு யோகராணியுடையவை.
ஒரே ரீபவுண்ட், ஒரே நிறச் சட்டை.

அவள் வருமுன்
ஆட்டத்துக்கு இருபது புள்ளி நான்.
இருந்த அணியில் அவளும் அப்படித்தான்.
இருபதும் இருபதும் நாற்பது என்று
கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதும் எனக்கே தோன்றியிருந்தது.
வந்ததோ இருபத்து மூன்று.
மிச்சம் எங்கே போனது என்று
ரஹ்மத்திடம் கேட்டிருக்கலாம்.
பந்தை மேலே கொண்டுவருகிறவள் அவள்தான்.
இந்தப் பக்கம் நீட்டிய என் கை,
அந்தப் பக்கம் நீட்டிய இவள் கை,
இரண்டு வீட்டு விருந்துக்கு நடுவே
மாட்டிக்கொண்ட புது மாப்பிள்ளை மாதிரி
நடுக்கோட்டிலேயே தட்டிக்கொண்டு நிற்பாள்.

அன்று நடுவட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள்.
ஷூ கயிற்றை அவிழ்த்தாள், கட்டினாள், அவிழ்த்தாள்.
"ரெண்டு பேரும் போய் எடுத்துட்டு வாங்க.
அதுவரைக்கும் எனக்கு ரெஸ்ட்டு."
கீர்த்தனா போஜன் பிளாஸ்க்கைத் திறந்தாள்.

இறங்கினோம்.
அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை.
மூடுபனியில் அவள் தலை மட்டும்
செடிகளுக்கு மேலே நகர்ந்துகொண்டிருந்தது.
கொழுந்து பறிக்கிற அக்கா ஒருத்தி
முதுகுக் கூடையைச் சாய்த்துக் காட்டினாள்.
பச்சை இலைக்குள் பாதி புதைந்து எங்கள் பந்து.
"யாருதும்மா?"
"என்னுது" என்றேன்.
"என்னுது" என்றாள்.
ஒரே மூச்சு.
அக்கா சிரித்த சிரிப்பில் கூடை குலுங்கியது.
"கவாத்துக் கத்தி இருக்கு. பாதி பாதியா வெட்டிடட்டா?"

ஏறும் வழி செங்குத்து.
வேரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.
முதலில் ஏறியவள் திரும்பிக் கை நீட்டினாள்.
போட்டேன்.
வேறு வழி இல்லாமல் போட்ட பாஸ் அது.
பிறகு நான் அவளைத் தாண்டி ஏறினேன்.
அவள் போட்டாள்,
கொஞ்சம் உயரமாய், வலது தோளுக்கு வெளியே,
எத்தனையோ முறை கேட்டும்
யாரும் எனக்குத் தராத இடத்தில்.
"உனக்கெப்படித் தெரியும்?"
"நாலு வருஷம் உன்னை மறிச்சு ஆடினவ நான்தானே."

இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை.

மாவட்ட இறுதிப் போட்டி. ஊட்டி.
துடைத்தும் ஈரம் போகாத தளம்.
ஒரு புள்ளி பின்னால், நாற்பது நொடி.
என்மேல் இரண்டு பேர்.
அவளைச் சுற்றி ஒருத்தருமில்லை.
கொடுத்தேன்.
ரிங்கை இரண்டு சுற்று சுற்றி
வெளியே விழுந்தது.

கொடுத்தது வலிக்கவில்லை.
அதற்குப் பின்னால் வந்ததுதான்.
ரஹ்மத் எப்படியோ பறித்துத் தந்து
மறுபடி என் கையில் பந்து.
ஒன்பது நொடி.
மறுபடி இரண்டு பேர்.
அதே இடத்தில் அதே அவள்,
தவறவிட்ட கையை இறக்காமல்.
என் தோள் சொன்னது: நீயே போடு,
இருபது போட்டவள் நீ,
நீயே போடு.

அந்தத் தோளை வைத்துக்கொண்டுதான்
கொடுத்தேன்.

அதுவும் விழவில்லை.
ஸ்கோர் தாளில் போட்டவளுக்குக் கட்டம் உண்டு.
கொடுத்தவளுக்கு இல்லை,
தவறவிட்டவளுக்கும் இல்லை.
எங்கள் இருவருக்கும் அந்தக் கடைசி நிமிடம்
வெறும் வெள்ளைத் தாள்.

திரும்பும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை.
கட்டபெட்டில் நின்றபோது
யோகராணி ஜன்னல் வழியே
வேகவைத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கினாள்.
ரோட்டைப் பார்த்தபடியே பின்னால் நீட்டினாள்.
நானும் ரோட்டைப் பார்த்தபடியே வாங்கினேன்.
உப்பு அதிகம்.

முன்சீட்டிலிருந்து ரஹ்மத்,
"எனக்கு?" என்றாள்.